தாயைப் போலப் பிள்ளை: கனிப் பயிர்களிலும் நார்ப் பயிர்களிலும் கன்று உண்டாக்கும் முறைகள்

"தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை" என்பது நம் முன்னோர் வாக்கு. வீட்டுக்கும் தறிக்கும் பொருந்தும் இம்மொழி தோட்டத்துக்கும் பொருந்துமா? சில பயிர்களில் பொருந்தும். சில பயிர்களில் பொருந்தாது. எதில் பொருந்தும், எதில் பொருந்தாது என்பதை அறிந்து கன்று நடுகிறவரே மரப்பயிரில் பயன் காண்பார்.

ஒரு குடியானவர் சந்தையில் நல்ல மல்கோவாப் பழம் வாங்கி உண்கிறார். அதன் சுவையில் மகிழ்ந்து கொட்டையைக் கிணற்றோரம் ஊன்றுகிறார். கன்று செழித்து வளர்கிறது. வேலி கட்டுகிறார், கோடையில் குடம் குடமாய் நீர் ஊற்றுகிறார். ஏழெட்டு ஆண்டுகள் சென்றபின் மரம் காய்க்கிறது. பழமோ சிறுத்து, நார் மிகுந்து, புளிப்பாயிருக்கிறது. இலவு காத்த கிளியின் கதைதான். குறை மண்ணிலும் இல்லை, நீரிலும் இல்லை, அவர் உழைப்பிலும் இல்லை. கன்று உண்டாக்கிய முறையில்தான் குறை.

நெல்லில் ஒரு போகம் தவறினால் அடுத்த போகத்தில் விதையை மாற்றிக்கொள்ளலாம். மாவிலும் தென்னையிலும் அவ்வாறு இயலாது. அங்கு ஒரு நாள் செய்யும் பிழைக்கு ஒரு தலைமுறை வட்டி கட்ட நேரிடும். ஆகவே கன்று உண்டாக்கும் முறைகளைக் குடியானவரும் ஊராட்சி உறுப்பினரும் தெளிவாக அறிந்திருத்தல் நலம்.

இரண்டு வழிகள்

செடிகொடிகள் இரு வழிகளில் பெருகுகின்றன. ஒன்று விதை வழி. மற்றொன்று உடல் வழி.

விதை, தாய் மரம் ஒன்றினால் மட்டும் உண்டாவதன்று. தாய் மரத்தின் பூவில் வேறொரு மரத்தின் மகரந்தத்தை ஈயோ வண்டோ காற்றோ கொண்டுவந்து சேர்க்கலாம். அப்போது விதையில் தாயின் குணமும் தந்தையின் குணமும் கலந்துவிடுகின்றன. தாய் இன்னதென்று நமக்குத் தெரியும். தந்தை இன்னதென்று தெரியாது. மாங்கொட்டை ஏமாற்றுவதன் காரணம் இதுவே.

உடல் வழி என்பது செடியின் கிளை, தண்டு, கிழங்கு, பக்கக்கன்று ஆகியவற்றுள் ஒன்றிலிருந்து புதுச்செடி உண்டாக்குவது. இங்குத் தந்தைக்கு இடமே இல்லை. புதுச்செடி, தாய்ச்செடியின் ஒரு துண்டே ஆகும். தாயின் சுவையும் விளைச்சலும் அப்படியே வரும். ஆனால் தாய்ச்செடியின் உடலில் பரவியிருக்கும் நச்சுயிரி நோயும் அப்படியே வரும் என்பதை மறத்தலாகாது.

இங்கு ஒரு சொற்குழப்பத்தையும் நீக்கிக்கொள்ள வேண்டும். "ஒட்டு" என்னும் ஒரே சொல்லை இரு பொருளில் வழங்கிவருகிறோம். "ஒட்டு மாங்கன்று" என்பது நல்ல மரத்தின் கிளையை வேறொரு கன்றின்மீது பொருத்தி உண்டாக்கியது. உடல் வழியில் வந்தது. "வீரிய ஒட்டு" விதை என்பதோ இரு வேறு இனங்களை மகரந்தத்தால் கலந்து பெற்றது. விதை வழியில் வந்தது. ஒட்டு மாமரத்திலிருந்து எத்தனை முறை கிளை எடுத்து ஒட்டினாலும் குணம் மாறாது. வீரிய ஒட்டுச் செடியில் விளைந்த விதையை மறுபடி விதைத்தால் குணம் சிதறிப்போகும். பெயர் ஒன்றாயிருப்பதால் இரண்டையும் ஒன்றாக எண்ணி இழப்புக்குள்ளாகிறவர் உண்டு.

விதையே கதியான தென்னை

கனிக்கும் நாருக்கும் ஒருங்கே உதவும் மரம் தென்னை. அதில் கிளை இல்லை. அடியில் பக்கக்கன்றும் இல்லை. மாவில் பட்டைக்கும் கட்டைக்கும் இடையே இருக்கும் வளர்படலம் தென்னந்தண்டில் இல்லாமையால் ஒட்டுக் கட்டவும் இயலாது. திசு வளர்ப்பு முயற்சிகள் ஆய்வகங்களில் நடந்துவரினும், குடியானவர் கைக்கு வரும் தென்னம்பிள்ளை நெற்றிலிருந்தே வருகிறது. ஆகவே தாய் மரத்தைத் தேர்வதிலும், நாற்றங்காலில் பிள்ளைகளைக் கழிப்பதிலும்தான் நம் திறமை இருக்கிறது.

தாய் மரம் 20 ஆண்டு வயதைக் கடந்து, ஆண்டுதோறும் தவறாமல் காய்ப்பதாக இருக்கவேண்டும். பாசன வசதியுள்ள தோட்டத்தில் ஆண்டுக்கு 100 காய்க்குக் குறையாமல் தரவேண்டும். கொண்டையில் 30 மட்டைகளேனும் இருத்தல் வேண்டும். மட்டையின் காம்பு குட்டையாகவும் தடித்தும் இருந்தால் குலையைத் தாங்கும். ஒரு காயில் 150 கிராம் கொப்பரையாவது தேறவேண்டும். எருக்குழி, மாட்டுத்தொழுவம், வீட்டுச் சாக்கடை ஆகியவற்றின் அருகே நின்று மிகுதியாகக் காய்க்கும் மரத்தைத் தாய் மரமாகக் கொள்ளலாகாது. அதன் காய்ப்பு எருவினால் வந்ததா, இனத்தினால் வந்ததா என்று அறிய இயலாது. எரு பிள்ளைக்குப் போகாது, இனமே போகும்.

11 முதல் 12 மாதம் முதிர்ந்த நெற்றுக்களைக் கயிற்றில் கட்டி இறக்கவேண்டும். மேலிருந்து எறிந்தால் உள்ளே அடிபடும். நெட்டை இன நெற்றுக்களை நிழலில் மணல் மூடி இரண்டு மாதம் வைத்திருந்து, பின்பு நீர் தேங்காத மணற்பாங்கான நாற்றங்காலில் 30 சென்டிமீட்டர் இடைவெளியில் ஊன்றலாம். 6 முதல் 8 வாரத்தில் முளைப்பு தொடங்கும். ஐந்து மாதமாகியும் முளைக்காதவற்றை எடுத்துவிட வேண்டும்.

"விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்பது தென்னைக்கு மிகப் பொருந்தும். முந்தி முளைப்பதும், முந்தி இலை பிரிவதும், கழுத்து தடித்திருப்பதும் நல்ல பிள்ளையின் அடையாளங்கள். 9 முதல் 12 மாதப் பிள்ளையில் ஆறு இலைகளுக்குக் குறையாமலும், கழுத்துச் சுற்றளவு 10 சென்டிமீட்டருக்குக் குறையாமலும் இருத்தல் வேண்டும். நூறு நெற்று ஊன்றினால் 60 முதல் 65 நல்ல பிள்ளைகள் தேறும். மீதியைக் கழிக்க மனம் வராமல் நட்டுவிடுகிறவர், கழிக்கவேண்டிய மரத்துக்கு அறுபது ஆண்டு நீர் பாய்ச்சுவார்.

நெட்டையையும் குட்டையையும் கலந்து வீரியப் பிள்ளை பெறும் முறைக்கு வழிகாட்டியது நம் பகுதியே. அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நீலேஸ்வரம் ஆராய்ச்சி நிலையத்தில் 1930-களில் ஜே. எஸ். பட்டேல் இக்கலப்பைச் செய்து, அதன் வீரியத்தை உலகுக்கு எடுத்துரைத்தார். இக்கலப்பினம் விரைவில் காய்க்கும். ஆனால் கலப்பின மரத்தின் காயை நெற்றாக எடுத்து ஊன்றலாகாது; முன்னர்க் கூறிய குணச்சிதறல் இங்கும் நேரும்.

2018 நவம்பர் 16-ஆம் நாள் கரை கடந்த கஜா புயல், தஞ்சை, புதுக்கோட்டை, திருவாரூர், நாகை மாவட்டங்களில் இலட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்தது. மரத்தை இழந்தவர் மறுபடி நடப் பிள்ளை தேடினர். நெற்று இறக்கியது முதல் நடுவதற்கேற்ற பிள்ளை ஆகும்வரை ஏறத்தாழ ஓராண்டுக்கு மேல் ஆகும். தேவை மிகுந்த அத்தகைய காலத்தில், தாய் மரம் இன்னதென்று தெரியாத பிள்ளைகளும் விலைபோய்விடும். வெள்ளம் வருமுன் அணை போடவேண்டும். புயல் வருமுன் நாற்றங்கால் இருக்கவேண்டும்.

பருத்தி

நார்ப் பயிர்களில் பருத்தி, சணப்பை, புளிச்சை ஆகியவை விதையினால் பெருகுபவை. பருத்தியில் பெரும்பாலும் தன் மகரந்தமே தன் பூவில் சேரும். எனினும் தேனீக்களால் அயல் மகரந்தமும் ஓரளவு கலக்கும். ஆகவே விதைக்கென விடும் வயலைப் பிற இனப் பருத்தி வயல்களிலிருந்து விலக்கி அமைத்து, இனம் மாறிய செடிகளைப் பூக்குமுன் பிடுங்கவேண்டும். பஞ்சு ஒட்டிய விதையைச் சாணக் கரைசலில் புரட்டி உலர்த்தி விதைக்கும் நம் பழைய வழக்கம், விதைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரிந்து விழுவதற்காக ஏற்பட்டது.

கருங்கண்ணி போன்ற இரகங்களில் இவ்வாறு சொந்த விதை சேர்த்துக்கொள்ளலாம். 1970-இல் குஜராத்தின் சூரத்திலிருந்து வீரிய ஒட்டுப் பருத்தி வெளிவந்தபின் நிலைமை மாறியது. வீரிய ஒட்டுப் பயிரிடுகிறவர் ஆண்டுதோறும் புது விதை வாங்கியாக வேண்டும். செலவைக் கருதிப் பழைய பயிரின் விதையை விதைத்தால், ஒரே வயலில் உயரத்திலும் இழை நீளத்திலும் வேறுபட்ட செடிகள் தோன்றும். நூலைப் போலத்தானே சேலை!

மாவில் ஒட்டுக் கட்டுதல்

மாங்கொட்டையிலிருந்து வரும் கன்று வீணன்று. அதுவே ஒட்டுக்கு வேர்ச்செடியாக உதவுகிறது. வேர் ஒன்றினுடையது, கிளையும் கனியும் மற்றொன்றினுடையவை. மாங்கொட்டை விரைவில் முளைப்புத்திறன் இழந்துவிடுமாகையால், பழம் உண்டபின் நான்கு வாரத்துக்குள் ஊன்றிவிடவேண்டும்.

ஒட்டு எவ்வாறு கூடுகிறது? பட்டைக்கும் கட்டைக்கும் இடையே ஈரப்பசையுள்ள மெல்லிய வளர்படலம் உண்டு. வேர்ச்செடியின் படலமும் ஒட்டுக்குச்சியின் படலமும் நெருங்கித் தொட்டு, உலராமல், அசையாமல் இருந்தால் இரண்டும் கூடி வளரும். கத்தி கூர்மையாகவும் தூய்மையாகவும் இருப்பதும், கட்டு இறுக்கமாக இருப்பதும் இதற்காகவே.

பழைய முறை நெருக்கு ஒட்டு. தொட்டியிலுள்ள ஓராண்டுக் கன்றைத் தாய் மரத்தின் கிளையருகே பரணில் வைத்து, இரண்டிலும் 5 சென்டிமீட்டர் நீளம் பட்டையோடு சிறிது கட்டையையும் சீவி, முகத்தோடு முகம் பொருத்திக் கட்டுவர். இரண்டு மூன்று மாதத்தில் கூடும். பிறகு தாய்க்கிளையைச் சிறிது சிறிதாக அறுத்துப் பிரிப்பர். நம்பகமான முறை, ஆனால் கன்றை மரத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும், பரண் கட்ட வேண்டும், நாள்தோறும் நீர் ஊற்ற வேண்டும்.

இன்று பெரிதும் வழங்குவது குருத்து ஒட்டும் மென்தண்டு ஒட்டும் ஆகும். குருத்து ஒட்டில், கொட்டை முளைத்து இரண்டு வாரத்துக்குள், இலை செம்பு நிறமாக இருக்கும்போதே கன்றின் தலையைக் கொய்து, தண்டை நடுவே 3 முதல் 4 சென்டிமீட்டர் பிளக்கவேண்டும். தாய் மரத்தில் 3 முதல் 4 மாதம் முதிர்ந்த நுனிக்கிளையைத் தேர்ந்து, வெட்டுவதற்கு ஒரு வாரம் முன்பே இலைகளைக் காம்பு விட்டுக் கிள்ளிவிட்டால் மொட்டு பருக்கும். அக்குச்சியின் அடியை ஆப்பு வடிவாகச் சீவிப் பிளவில் செருகி, பாலிதீன் நாடாவால் கட்டவேண்டும். ஈரக்காற்றுள்ள பருவமே இதற்கு ஏற்றது. தாய் மரத்துக்குக் கன்று செல்ல வேண்டியதில்லை. குச்சியே கன்றிடம் வருகிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சந்தூர்ப் பகுதியில் மாங்கன்று உற்பத்தி பல குடும்பங்களுக்குத் தொழிலாக அமைந்துள்ளது. பயின்ற கைக்கு இது ஊதியம் தரும் கலை என்பதற்கு அவ்வூரே சான்று.

ஒட்டுக்கன்று மூன்று நான்கு ஆண்டில் காய்ப்புக்கு வரும். நடும்போது ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேலே இருக்கவேண்டும். ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பவை யாவும் வேர்ச்செடியின் துளிர்கள். அவற்றைக் கிள்ளாமல் விட்டால், பணம் கொடுத்து வாங்கிய மல்கோவா மடிந்து கொட்டைமாவே மரமாகி நிற்கும்.

பதியமும் போத்தும்

கொய்யாவுக்கு விண் பதியம் எளிது. பென்சில் பருமனுள்ள ஓராண்டுக் கிளையில் ஏறத்தாழ 2½ சென்டிமீட்டர் அகலத்துக்குப் பட்டையை வளையமாக நீக்கவேண்டும். இலையில் சமைத்த உணவு பட்டை வழியே கீழிறங்குவது அங்குத் தடைப்பட்டு, வெட்டின் மேல்விளிம்பில் வேர் விடத் தூண்டும். அவ்விடத்தில் ஈரப்பாசியை வைத்துப் பாலிதீன் தாளால் சுற்றி இருமுனையும் கட்டினால் ஓரிரு மாதத்தில் வேர் இறங்கும். பின்னர் வேருக்குக் கீழே அறுத்து, நிழலில் சில வாரம் வைத்துப் பழக்கி நடலாம்.

மாதுளை, திராட்சை ஆகியவற்றுக்குப் போத்தே போதும். முதிர்ந்த குச்சியில் மூன்று நான்கு கணுக்கள் இருக்குமாறு நறுக்கி, அடிமுனையைக் கணுவுக்குக் கீழே சாய்வாகவும், மேல்முனையைத் தட்டையாகவும் வெட்டவேண்டும். இதனால் நடும்போது தலைகீழாகாது. இலவ மரத்தையும் விதையினாலன்றிக் கிளைப் போத்தினாலும் வளர்க்கலாம்.

எலுமிச்சைக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. அதன் ஒரு விதையிலிருந்து பல முளைகள் வரும். அவற்றுள் பெரும்பாலானவை மகரந்தக் கலப்பில்லாமல் தாயின் திசுவிலிருந்தே எழுபவை. ஆகவே விதைக்கன்றும் தாயை ஒத்திருக்கும். நோஞ்சலாகவும் உருமாறியும் இருப்பவற்றைக் கழித்து, ஒரே சீராக வளர்ந்தவற்றை வைத்துக்கொள்ளலாம்.

வாழையும் ரயில் கற்றாழையும்

வாழை கனி தருவது. குலை வெட்டியபின் தண்டு நாராகிப் பூத்தொடுக்கவும் உதவுவது. மணிலா நார் தரும் பிலிப்பைன்ஸ் நாட்டுச் செடியும் வாழைக் குடும்பமே. உண்ணும் வாழையில் விதை இல்லை, கன்றே வழி. கன்று இருவகை. அடி பருத்து, இலை ஈட்டிபோல் குறுகியிருப்பது ஈட்டிக்கன்று. இளமையிலேயே அகன்ற இலை விடுவது நீர்க்கன்று. நீர்க்கன்று பார்வைக்குச் செழிப்பாயினும் கிழங்கில் வலுவில்லை. 1½ முதல் 2 கிலோ எடையுள்ள ஈட்டிக்கன்றே நடவுக்கு உரியது. வேரையும் அழுகலையும் சீவிக் கிழங்கைத் தூய்மை செய்தால் நூற்புழுவும் கூன்வண்டும் புதுத்தோட்டத்துக்கு ஏறிவருவது குறையும்.

ஆனால் சீவினாலும் போகாத பகை ஒன்றுண்டு. அதுவே முடிக்கொத்து நோய். இலைக்காம்பில் கரும்பச்சைக் கோடுகள் தோன்றும், இலைகள் குறுகி நிமிர்ந்து உச்சியில் கொத்தாக நெருங்கும், குலை வாராது. இந்நச்சுயிரியை அசுவினிப் பூச்சி தோட்டத்துக்குள் பரப்புகிறது. நோய்க்கன்றை விலைக்கு வாங்கி ஊர்விட்டு ஊர் பரப்புகிறவர் மனிதரே. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பெயர்தந்த விருப்பாட்சி மலைவாழை, கீழ்ப்பழனி மலையில் இந்நோயினால் பெரும்பரப்பை இழந்தது. பரிசோதித்து நோயற்றதெனக் கண்ட தாய்ச்செடியின் குருத்திலிருந்து திசு வளர்ப்பில் கன்று உண்டாக்கி, அதை மீட்கும் முயற்சி தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் துணையோடு நடந்தது. திசுக்கன்று நோயின்றி வரும். ஆனால் நோயை எதிர்க்கும் ஆற்றல் அதற்குத் தனியே இல்லை. அடுத்த தோட்டத்து நோய்வாழையிலிருந்து அசுவினி வந்தால் அதுவும் நோயுறும். ஒருவர் மட்டும் நோய்வாழையைத் தோண்டி அழித்துப் பயனில்லை. ஊரே சேர்ந்து செய்யவேண்டிய வேலை இது.

வறண்ட மேட்டு நிலத்துக்கும் வரப்போரத்துக்கும் ஏற்ற நார்ப்பயிர் ரயில் கற்றாழை. பல ஆண்டுகள் மடல் கொடுத்தபின் அது நெடிய பூங்கம்பு ஒன்றை எழுப்பும்; அதன்பின் மடிந்துபோகும். மடியுமுன் அக்கம்பில் நூற்றுக்கணக்கான, சிலவேளை ஆயிரத்துக்கும் மேற்பட்ட குறுங்கன்றுகளைத் தாங்கி நிற்கும். அவற்றைச் சேகரித்து, ஓராண்டு நாற்றங்காலில் வளர்த்து நட்டால் ஒரே சீரான தோட்டம் கிடைக்கும். அடியில் வெடிக்கும் பக்கக்கன்றுகளையும் நடலாம். அவை வயதிலும் பருமனிலும் வேறுபடும்.

ஊராட்சி செய்யக்கூடியவை

முதலாவது, தாய்மரப் பதிவேடு. எந்தத் தோட்டத்தில் எந்த மரம் எத்தனை ஆண்டாகத் தவறாமல் காய்க்கிறது என்பதை ஊரார் அறிவர், ஏட்டில்தான் இல்லை. மரத்துக்கு எண் இட்டு, மூன்று நான்கு ஆண்டுக் காய்ப்பைக் குறித்துவந்தால் ஊரின் செல்வம் வெளிப்படும்.

இரண்டாவது, ஊர் நாற்றங்கால். நீர் வசதியும் நிழலும் உள்ள சிறிய பொதுநிலமே போதும். தோட்டக்கலைத் துறையின் ஆலோசனையோடு, பதிவேட்டிலுள்ள மரங்களிலிருந்து மட்டுமே நெற்றும் குச்சியும் எடுக்கவேண்டும்.

மூன்றாவது, பயிற்சி. ஒட்டுக் கட்டுதலும் பதியம் போடுதலும் உடல்வலிமையைவிடக் கைத்திறனையே வேண்டுவன. ஊரின் இளைஞரும் மகளிர் குழுவினரும் பயின்றால் ஊருக்குக் கன்றும் அவர்களுக்கு வருவாயும் கிடைக்கும்.

நான்காவது, விழிப்பு. கன்று வாங்குமுன், இனம் எது, தாய் மரம் எங்குள்ளது, ஒட்டுக் கட்டி எத்தனை மாதம் ஆயிற்று என்று கேட்டு, இனப்பெயர் எழுதிய ரசீது பெறும் வழக்கத்தைக் கிராம சபையில் எடுத்துரைக்க வேண்டும். பதில் சொல்ல இயலாதவரிடம் கன்று மலிவாகக் கிடைத்தாலும் அது மலிவன்று.

கன்று நடுகிற நாளில் குழியின் அளவையும் எருவின் அளவையும் கேட்கிறோம். அதற்குமுன் கேட்கவேண்டியது ஒன்றுண்டு: இப்பிள்ளையின் தாய் யார்? இக்கேள்வியைக் கேட்டு நடுகிறவரின் தோட்டம் அவருக்கும் பயன்படும், அவர் பேரப்பிள்ளைகளுக்கும் பயன்படும்.